அண்ணையின்ரை இங்கிலீசுச் சோதனை

…அதுதான் பிள்ளை, உம்மடை மகள் வேலியோரம் நடந்து நடந்து இங்கிலீசு பாடமாக்கிறாள். கை, கால், மூக்கு வைச்ச சொல்வழக்கு எல்லாம் வருது. எனக்குக் கேக்கக் கேக்கச் சந்தோசம். இப்ப "கோல்ட் பீற்" எண்டாளே, சொல்லுக்குச் சொல் குளிர்ந்த பாதம், ஆனா கருத்து கடைசி நேரத்திலை பயந்து பின்வாங்கிறது! என்ன அப்பிடிப் பாக்கிறீர்? பள்ளிக்கூட வாசல் மிதிக்காத எனக்கு உது எப்பிடித் தெரியும் எண்டோ? இரும், சொல்லுறன்.

அப்ப எனக்கு எட்டு வயசு. பண்டத்தரிப்பிலை அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். அண்ணை இங்கிலீசு வகுப்புக்குப் போறவன். அவன்ரை வாத்தியார், சுருட்டுக் குடிச்சே மீசை மஞ்சளாய்ப் போன மனிசன்… சரி, அது கிடக்கட்டும். அவர் ஞாயித்துக்கிழமை வீட்டை வந்து அண்ணையைச் சோதிக்கிறதாய் இருந்தது. "பிழை விட்டானோ, திங்கக்கிழமை துவக்கம் மண்வெட்டிதான்" எண்டிட்டார் அப்பா.

ஒரு கிழமையாய்ப் பாடமாக்கியும் அண்ணைக்கு ஒண்டும் நிக்கேல்லை. பக்கத்திலை ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் பாடம்.

"தங்கச்சி, நீ வாத்தியாருக்குப் பின்னாலை நில்லு. அவர் கருத்தைத் தமிழிலை கேப்பார். உடம்பிலை எந்த இடமெண்டு தொட்டுக் காட்டு, மிச்சத்தை நான் சமாளிப்பன்" எண்டான்.

வாத்தியாருக்குப் பின்னாலை கதவடியிலை நிண்டன். வாத்தியார் கேக்கத் துவங்கினார்.

"பகிடிக்கு ஒருத்தனை ஏமாத்திறது?"

காலைப் பிடிச்சு இழுத்துக் காட்டினன். அண்ணை "புல் த லெக்" எண்டு சரியாய்ச் சொல்லிட்டான். "யானை விலை குதிரை விலை?" எண்டதுக்குக் கையையும் காலையும் தொட்டன், "ஆன் ஆம் அன்ட் எ லெக்" எண்டான். அதுவும் சரி. அப்பா தலையாட்டிறார்.

"கடைசி நேரத்திலை பயந்து பின்வாங்கிறது?"

பாதத்தைத் தொடக் குனியிறன், பிள்ளையார் கோயில் மத்தியானப் பூசை மணி அடிக்குது! கை தன்ரை பாட்டிலை போய்க் கன்னத்திலை போட்டிட்டுது. அண்ணை பெருமையாய், "ரேண் த அதர் சீக்!" எண்டான், மற்றக் கன்னத்தைக் காட்டுறதாம்.

வாத்தியாரும் கன்னத்திலை போட்டுக்கொண்டு கோயில் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் நான், கன்னத்திலை வைச்ச கையோடை.

"நீ என்னடி செய்யிறாய் உதிலை?"

பயத்திலை, "கோல்ட் பீற்" எண்டு வாயிலை வந்திட்டுது. மனிசன் விடேல்லை. மூக்கு, தோள், காது எண்டு கேட்டுக்கொண்டே போனார். நானும் எல்லாம் சொன்னன். அண்ணையின்ரை முகம் வெளிறிப் போச்சு. அவனை மண்வெட்டி பிடிக்க வைச்சிட்டனே எண்டு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாத்தியார் அப்பாவைப் பாத்தார். "பெடியனுக்கு இன்னும் ஒரு மாசம் குடுப்பம். உவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோ."

அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். "உவள் போனா ஆட்டுக்கு ஆர் வாத்தியார் குழை ஒடிக்கிறது?"

அண்ணை தப்பீட்டான் எண்ட புளுகத்திலை, சந்தோசத்திலை நானும் கைதட்டிச் சிரிச்சன். வாத்தியார் மட்டும் சிரிக்கேல்லை. பாவம், மனிசனுக்குப் பகிடி விளங்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன் பிள்ளை.

ஐயோ, தண்ணித் தாங்கி நிரம்பி வழியுது! மோட்டரை நிப்பாட்டிப்போட்டு வாறன்.