வெர்னாவின் ஒரே பயணி

"யோவ் லின்சே, ஒன்பதாகப் பத்து நிமிஷம்! பள்ளிக்கூடப் பிள்ளைங்களே உன்னைவிடச் சீக்கிரம் வந்து நிப்பாங்க."

வேலிக் கதவருகே காரை நிறுத்தி, ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுத்தான் வெர்னா இதைச் சொல்வார். செவ்வாயும் வெள்ளியும் இதே வசைதான். பார்லி பயிரிட்டு ஓய்ந்த லின்சே தொப்பியைத் தேடி எடுத்து, வீட்டைப் பூட்டி, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறுவார். அதுவரை வெர்னா இன்ஜினை அணைக்கமாட்டார்.

வாலரூ என்ற கடலோரச் சிற்றூரில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் வெர்னா. வயது எழுபத்தாறு. குள்ள உருவம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்காமல் மணி பார்த்த பழக்கம். யார் ஏறினாலும் கேட்காமலே புதினா மிட்டாய் நீட்டுவார்.

சென்ற வருடம் ஒருநாள், பக்கத்து ஊரான கடீனாவுக்குப் போகிற பழகிய சாலையில் எங்கே திரும்புவது என்று தெரியாமல், காரை ஓரங்கட்டி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் சோதித்துவிட்டு, "லேசா மறதி ஆரம்பிச்சிருக்கு" என்றார். "இப்போதைக்குப் பகல்ல, ஊருக்குள்ள மட்டும் ஓட்டுங்க. ஆறு மாசம் கழிச்சு லைசென்ஸ் பத்தி முடிவு பண்ணலாம்." கூடவே கணினியில் மூளைப் பயிற்சி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம்.

வீட்டின் பின்னறையில் கணினி முன் உட்கார்ந்தார். திரையில் பறவைகள் பறக்கும். அதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. அது மறைவதற்குள் தொடவேண்டும். தவறினால் மணி அடிக்கும். கணவர் கிளெம் தோளுக்குப் பின்னால் நின்று, "இடதுபக்கம், இடதுபக்கம்!" என்று கத்துவார். "நான் ஓட்டுறேனா, நீ ஓட்டுறியா?" என்று அவரைத் துரத்தினார் வெர்னா. இரண்டாவது வாரத்தோடு கணினியையும் மூடினார். யாராவது கேட்டால், "நடக்குது, நடக்குது."

பதினொரு நாள் வெற்றாகக் கிடந்த பதிவைப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் மெலிட்டா தொலைபேசியில் அழைத்தார். திட்டு விழும் என்று வெர்னா காத்திருந்தார். "எதுங்க கஷ்டமா இருக்கு?" என்று மட்டும்தான் வந்தது கேள்வி.

"ஒரு பிள்ளையைக்கூட வழியில விட்டுட்டு வந்தவ இல்ல நான். அந்தப் பெட்டி என்னைப் பாத்து 'விட்டுட்டே, விட்டுட்டே'ன்னு மணி அடிக்குது. முட்டாளாயிட்ட மாதிரி இருக்கு, கண்ணு" என்றார் வெர்னா.

மெலிட்டா வேகத்தை இரண்டு படி குறைத்தார். மணியை அடக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு, "எனக்கு ஒரு உதவி வேணுமே" என்றார். "உங்களுக்கு அடுத்த தெருவுல லின்சேன்னு ஒருத்தர். அவருக்கும் இதே பயிற்சிதான். நம்ம ஊர் பௌல்ஸ் கிளப் மண்டபத்துல செவ்வாய், வெள்ளி எல்லாரும் சேந்து உக்காந்து பண்றோம். கூட்டிட்டு வர ஆளில்லாம அவர் வர்றதில்ல. உங்ககிட்டச் சொல்லலாமான்னு அவரைக் கேட்டுட்டேன்."

"ஏத்திட்டு வரணுமா? எத்தனை மணிக்கு?" என்றார் வெர்னா.

அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. தனக்காக மட்டும் என்றால் முழங்கால் வலியைச் சொல்லிப் படுத்திருப்பார். வாசலில் ஒரு ஆள் காத்து நிற்கும்போது வண்டி வராமல் இருக்கலாமா? மண்டபத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் திரைகள்.

"அது கொக்குய்யா. உன் பார்லி மூட்டை மாதிரி அங்கேயே உக்காந்திருக்குமா?"

"முதல்ல உன் மார்க்கைக் காட்டு, அப்புறம் பேசு!"

தேங்காய்த்தூள் ஒட்டிய லாமிங்டன் கேக்கைத் தின்றுகொண்டே சண்டை தொடரும். குறைத்த வேகம் எப்போது மெல்ல ஏறியது என்று வெர்னா கவனிக்கவேயில்லை.

போன வியாழக்கிழமை, கடீனாவில் ஆறு மாதச் சோதனை. கிளெம் ஓட்டிப் போனார்.

மருத்துவர் தாள்களைப் புரட்டினார். "மறதி மோசமாகல. அப்படியே நிக்குது. ரோட்டுல வெச்சுப் பாத்த சோதனையும் நல்லா வந்திருக்கு. பகல்ல இனி கடீனா வரைக்கும் ஓட்டலாம்."

"அப்போ குணமாயிடுச்சா?"

"அப்படிச் சொல்லமாட்டேன். நிக்குதுன்னுதான் சொல்றேன்."

"நின்னா போதும் டாக்டர்" என்றார் வெர்னா. கிளெம் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

கிளெம் வெளியே வந்து காரை அடைந்தபோது, ஓட்டுநர் இருக்கையில் வெர்னா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கிளெமின் நீளக் கால்களுக்காகப் பின்னுக்குத் தள்ளியிருந்த இருக்கை அது. வெர்னா குனிந்து, அடியிலிருந்த கம்பியைத் தூக்கிப் பிடித்து, இருக்கையைக் கடகடவென்று முன்னால் இழுத்தார், பாதங்கள் பெடலில் நன்றாகப் பதியும்வரை.