மஞ்சள் தடுப்பு

மாத்தளை டவுனில் கட்டட வரைபடம் தயாரிக்கும் எங்கள் அலுவலகத்தில் றிஸ்னா எனக்குப் பக்கத்து மேசை. சரியான வாய்க்காரி. படம் கேட்டு வருகிறவர்களிடமே, "கட்டி முடிஞ்சா எப்படி இருக்கும்னு எல்லாரும் கேக்கிறீங்க. கட்டுறவன் எங்க கால் வைப்பான்னு ஒருத்தராவது கேக்கிறீங்களா?" என்று சண்டைக்கு நிற்பாள்.

கணினிக்குள் கட்டடத்தை முழுதாக எழுப்பிப் பார்ப்பது அவள் வேலை. தூண் எழும்பும் நாள், தளம் போடும் நாள் என்று கட்டம் கட்டமாகத் திருப்பிப் பார்த்து, எங்கே ஆள் விழக்கூடும் என்று தேடுவாள். அந்த இடங்களிலெல்லாம் மஞ்சள் நிறத்தில் தடுப்புக் கம்பி வரைவாள்.

இந்தப் புத்தியைக் கொடுத்தது அவளுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன் றுஸ்தி. மேசன் வேலை அவருக்கு. "சிமெந்து போட்டுத் தரை இழைக்கிறவன் பின்னால பின்னாலதான் போவான். எங்களுக்கு என்ன முதுகுலயா கண்ணு இருக்கு?" என்று ஒருநாள் சாப்பிட்டபடியே சொல்லிச் சிரித்தாராம். அதன்பிறகு திறந்து கிடக்கும் எந்த இடத்தையும் அவள் சும்மா விட்டதில்லை.

பலாபத்வலயில் ஒருவர் இரண்டு மாடிக் கல்யாண மண்டபம் கட்ட எங்களிடம் படம் கேட்டார். மேல் தளத்தில் படிக்கட்டுக்காக ஒரு பெரிய திறப்பு. றிஸ்னா அதைச் சுற்றி மஞ்சள் கம்பி போட்டிருந்தாள். படம் பார்க்க வந்த முதலாளி, "இது கல்யாண மண்டபமா, மாட்டுப்பட்டியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் கண்ணுக்குப் படம் அழகாகத் தெரியட்டும் என்று றிஸ்னா மஞ்சள் கம்பிகளை ஒரே அழுத்தில் மறைத்தாள். அவரும் குளிர்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். வேலைத்தளத்துக்கான வரைபடங்களையும் அவள் அப்படியே அச்செடுத்தாள். மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர மறந்துவிட்டாள்.

அந்த மண்டபத்தில் தரை இழைக்கப் போனவர் றுஸ்தி. ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், பின்னால் பின்னால் போனவர் அந்தத் திறப்பு வழியே கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, றிஸ்னா என்னையும் கூட்டிக்கொண்டு மதினி மபாஸாவைப் பார்க்கப் போனாள். கணவனை இழந்து, வெளியே போகாமல் துக்கம் காத்து இத்தா இருந்த அந்தப் பெண், எங்களைக் கண்டதும் றிஸ்னாவைத்தான் முதலில் கட்டிப்பிடித்துத் தேற்றினாள். றிஸ்னாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"மதினி, கம்பி போட்டிருந்தேன். நான்தான் அத மறைச்சேன். அப்புறம் மறந்துட்டேன் மதினி."

மபாஸா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"விழுறதுக்கு முதல் நாளே வந்து சொன்னார்," என்றாள் மெதுவாக. "மேல பெரிய ஓட்டை ஒண்ணு, கம்பியே இல்லன்னு. அப்ப நாளைக்குப் போகாதீங்கன்னேன். 'படத்தையும் பார்த்தேன், அதுலயும் இல்ல. றிஸ்னா வரைஞ்ச படம். எனக்கு ஆபத்துன்னா அவ போடாம இருப்பாளா'ன்னு சொல்லிச் சிரிச்சார்."

றிஸ்னா குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுத் தரையும் றுஸ்தி இழைத்ததுதான்.