துவக்குக்காரனுக்கு முதல் கோப்பை

யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்குத்தான் முதலில் தேநீர். மந்திரியே வந்தாலும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும் என்று கொறற்றி பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பேர்லின் நகரின் நொய்கெல்ன் பகுதியில், பெரிய வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சின்னத் தெருவில் அவளுடைய கடை. மூன்று மேசைகள், பதினொரு கதிரைகள். பன்னிரண்டாவது கதிரையின் கால் உடைந்த நாளிலிருந்து அதைத் திருத்தித் தருவதாகக் கணவன் லோறன்ஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறான். சமையல் அவன் பொறுப்பு, கடை அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்குப் போய்வருகிறவர்கள் வடை வாங்க வருவார்கள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரியானாலும் கொறற்றிக்கு அந்த மரியாதை தெரியும். அன்று மட்டும் ஆட்டிறைச்சி ரோல்ஸைக் கண்ணாடிப் பெட்டியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவாள்.

வரிசை விஷயத்தில் அவளுக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

மன்னாரில் அவளுடைய தகப்பனுக்கும் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டு. அந்தக் கடைக்குத் தோளில் தொங்கும் துவக்கோடு ஆட்கள் வருவார்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று கேட்காதீர்கள். அந்த நாட்களில் அங்கே எதற்குப் பஞ்சம் இருந்ததோ இல்லையோ, துவக்குக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தகப்பன் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். துவக்கு உள்ளே வந்தால் அதைப் பார்க்கக் கூடாது. வந்தவனுக்கு முதல் கோப்பையைக் கொடுக்க வேண்டும். அவன் குடித்துவிட்டுப் போன பிறகுதான் மற்றவர்கள்.

கொறற்றியின் அண்ணன் ராசனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ஒரு நாள் மத்தியானம் அவன் ஒரு வயதான மனுஷிக்கு ஆற்றிவைத்த தேத்தண்ணியை, அப்போதுதான் உள்ளே வந்த துவக்குக்காரன் கை நீட்டிக் கேட்டான். ராசன் சொன்னது இவ்வளவுதான்:

"கொஞ்சம் பொறுங்கோ. முதல் வந்தவைக்குக் குடுத்திட்டுத் தாறன்."

மறுநாள் காலையில் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வர இரண்டு வருடங்களும் ஒரு மாதமும் ஆயின. அதற்குள் வீட்டார் காணியை விற்று, கொறற்றியையாவது காப்பாற்றுவோம் என்று கிழக்கு பேர்லினுக்கு விமானம் ஏற்றிவிட்டிருந்தார்கள். வந்த ராசன் எப்படி இருந்தான் என்பதை அவள் கடிதங்களில்தான் அறிந்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறானாம். கதிரையைத் துடைத்துக் கொடுக்கிறானாம்.

அண்ணனை எப்படியாவது ஜெர்மனிக்கு எடுத்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் இருபது வருடம் ஓடியது. ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினாள், பாத்திரம் கழுவினாள், லோறன்ஸைக் கட்டினாள், கடை போட்டாள். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வாள்:

"இங்க வாங்கோ அண்ணை. இங்க ஒருத்தனும் துவக்கோட கடைக்குள்ள வரமாட்டான்."

"உண்மையாவோ பிள்ளை?" என்று அந்தப் பக்கம் கேட்கும். ஒவ்வொரு முறையும் கேட்கும்.

"மாதா சத்தியமா."

இரண்டாயிரத்து ஆறில் ஊரில் மறுபடி சண்டை மூண்டபோது ராசன் கடைசியில் புறப்படச் சம்மதித்தார். அந்த வருடம் மே மாதத்தில்தான் டிட்மார் என்பவன் கடைக்குள் வந்தான்.

நாற்பது வயது மதிக்கலாம். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கட்டையாக வெட்டிய தலைமயிர். ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டபோது, இடுப்புப் பட்டியின் உறையில் ஒரு கைத்துப்பாக்கி தெரிந்தது. பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டில் பணப்பெட்டி எடுக்க வருகிற காவலர்களின் இடுப்பில் கொறற்றி அப்படிக் கண்டிருக்கிறாள். இவனும் அவர்களில் ஒருவனாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவளுடைய கை தானாகவே முதல் கோப்பையை எடுத்துக்கொண்டு அந்த மூன்று பேரையும் தாண்டிப் போய் அவன் முன்னால் வைத்துவிட்டது. கண் உறையின் பக்கம் போகவே இல்லை. இருபத்தொரு வருடமாக உடம்புக்குள் கிடந்த பாடம், அவளைக் கேட்காமலே வெளியே வந்தது.

டிட்மாரின் முகம் மலர்ந்துபோனது. அவனை அப்படி யாரும் கவனித்து நெடுநாள் இருக்கும் போல.

அடுத்த நாளும் வந்தான். பிறகு தினமும், பதினொரு மணிக்கு. ஒரு மணிக்குத்தான் எழும்புவான். லோறன்ஸ் ஒன்றைக் கவனித்துவிட்டுச் சொன்னான்.

"இஞ்சேரும், அவன் றோட்டில வரேக்க ஜாக்கெட்டைக் கழுத்து மட்டும் இழுத்துப் பூட்டிக்கொண்டு வாறான். எங்கட கடைக்குள்ள வந்துதான் கழட்டுறான். ஏன் எண்டு யோசிச்சுப் பாத்தீரே?"

"வேர்க்குதாக்கும்."

"வேர்வை இல்லையப்பா. பொலிசுக்குச் சொல்லுவம்."

"பொலிசும் துவக்கோடதானே வரும்," என்றாள் கொறற்றி. அதற்கு மேல் பேச விடவில்லை.

மூன்றாவது கிழமை, டிட்மார் மூலை மேசையைத் தானே இழுத்து வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டான். ஐந்தாவது கிழமை, வாசலில் நின்று சிகரெட் புகைத்த இரண்டு பேரை உறையில் கை வைத்துக்கொண்டு விரட்டினான். "கவலைப்படாதீர்கள், நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்," என்று ஜெர்மனில் சொன்னான். அவள் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பையும் அவன் நம்பினான். யூலை மாதம், ரோல்ஸ் வாங்க வந்த ஒரு தமிழரிடம் "அவுஸ்வைஸ்" என்று அடையாள அட்டை கேட்டான். அந்த மனிதரும் மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினார்! கேட்க உனக்கு என்ன உரிமை என்று அவரும் கேட்கவில்லை, கொறற்றியும் கேட்கவில்லை. துவக்கைக் கண்டால் அட்டையை நீட்டிப் பழகிய சனம் நாங்கள். தினமும் வடை வாங்க வரும் ஜெர்மன் கிழவி அன்று வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். கொறற்றியையும் பார்த்தாள். திரும்பிப் போனவள் பிறகு வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டமும் மெல்லக் கரைந்தது.

செப்டெம்பரில் ராசன் வந்து சேர்ந்தார்.

நாற்பத்தைந்து வயதில் அறுபது தெரிந்தது. அன்ட்ராக் என்கிற தஞ்ச விண்ணப்பம் கொடுத்து, அகதிகள் தங்குகிற ஹைமில் ஒரு கட்டில் கிடைத்திருந்தது. முதல் நாள் கொறற்றி அவரைக் கடைக்குக் கூட்டிவந்தது மூன்று மணிக்கு. வேண்டுமென்றேதான். ராசன் மூன்று மேசைகளையும் தொட்டுப் பார்த்தார். வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து, முழுக் கோப்பையையும் உட்கார்ந்தபடியே குடித்து முடித்தார். யார் உள்ளே வந்தும் அவர் எழும்பவில்லை. கொறற்றி அடுப்படிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அண்ணை, எப்பவும் மூண்டு மணிக்குப் பிறகு வாங்கோ. காலமை சரியான சனம்," என்று பொய் சொன்னாள். காலையில் ஈயோட்டிக்கொண்டிருந்த கடை அது.

லோறன்ஸுக்குப் பொறுக்கவில்லை. "எத்தினை நாளைக்கு ஒளிச்சு வைப்பீர்? ரெண்டில ஒண்டு செய்யும். அவனைப் போகச் சொல்லும், இல்லாட்டி அண்ணையிட்டச் சொல்லும்."

"சொல்லுறன்."

"எப்ப?"

"சொல்லுறன் எண்டுறன்."

ஒவ்வொரு காலையும் கண்ணாடியின் முன் நின்று அவனைப் போகச் சொல்லும் ஜெர்மன் வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். நாலே நாலு சொல். பதினொரு மணிக்குக் கதவு திறக்கும்போது கை கோப்பையை எடுக்கும். அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. சமாதானத்துக்கு, இன்னும் இரண்டு மணித்தியாலம் தானே, மூன்று மணிக்கு அண்ணன் வரும்போது இவன் போயிருப்பான் என்று சொல்லிக்கொள்வாள்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ராசனுக்குக் காலையில் வெளிநாட்டார் அலுவலகத்தில் வரச்சொல்லி டெர்மின் இருந்தது. கடதாசி ஒன்று குறைகிறது, அடுத்த மாதம் வா என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிவரை தெருவில் எங்கே நிற்பது? குளிர் வேறு. பன்னிரண்டு மணிக்குக் கடைக்கு வந்துவிட்டார்.

கதவு திறந்ததைக் கொறற்றி பார்க்கவில்லை. அவள் அடுப்படியில் டிட்மாருக்கு இரண்டாவது தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். கையில் கோப்பையோடு திரும்பியபோது ராசன் கடையின் நடுவில் நின்றார். அவர் பார்த்தது டிட்மாரை அல்ல. அவனுடைய இடுப்பையும் அல்ல. தங்கச்சியின் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். அது யாருக்குப் போகிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அண்ணை..." என்றாள்.

ராசன் கிட்ட வந்து அவளுடைய கையிலிருந்து கோப்பையை மெதுவாக வாங்கிக்கொண்டார். மூலை மேசைக்குப் போனார். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கோப்பையை டிட்மாரின் முன் வைத்தார். மேசையில் சிந்தியிருந்த ஒரு துளியைத் தன் கோட்டுக் கையால் துடைத்தார். பிறகு சுவரோடு ஒதுங்கி, அவன் குடித்து முடிக்கட்டும் என்று கைகட்டி நின்றார்.

அன்று "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொன்ன ஆள் இவர்தான்.

கொறற்றி எப்படி நடந்து போனாள் என்று தெரியாது, மேசையின் முன்னால் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துவக்கை நேராகப் பார்த்தாள். பிறகு அதை வைத்திருந்தவனின் முகத்தைப் பார்த்தாள்.

"தயவுசெய்து கடையை விட்டுப் போங்கள்."

டிட்மாரின் கை உறையின் மேல் கிடந்தது. லோறன்ஸ் அடுப்படி வாசலில் அகப்பையோடு அப்படியே நின்றான். தேநீர் ஆவி மட்டும் அசைந்தது.

டிட்மார் எழுந்தான். காது வரை சிவந்துவிட்டது.

"அதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாமே," என்றான். "உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றல்லவா நினைத்தேன்."

ஜாக்கெட்டைப் போட்டான், கழுத்துவரை பூட்டினான், போய்விட்டான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அவ்வளவுதான் நடந்தது.

அதற்கு அடுத்த கிழமை, எதிர்ப்பக்கத்து டோனர் ரொட்டிக் கடைக்காரர் கதையோடு கதையாகச் சொன்னார். அந்த ஆள் மே மாதம் முதலில் அவருடைய கடைக்குத்தான் வந்தானாம். அதற்கு முன் மூலையிலிருந்த பேக்கரிக்கும் போனானாம். வெளியே போ என்றதும் எல்லா இடத்திலும் பேசாமல் போய்விட்டானாம். "நீங்கள் மட்டும்தான் இருக்கவிட்டீர்கள். உங்களுக்குச் சொந்தக்காரனாக்கும் என்று நினைத்தோம்," என்றார். லோறன்ஸ் கடைசியில் பொலிசுக்குச் சொன்னான். அது வெறும் சத்தம் போடுகிற துவக்கு, குண்டு போகாது, அதற்குக்கூட அவனிடம் அனுமதி அட்டை இல்லை என்று தெரிந்தது. விசாரிக்க வந்த பொலிஸ் பெண்பிள்ளை நல்ல மாதிரி. "ஐந்து மாதம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் இடுப்பிலும் துவக்கு ஒன்று இருந்தது. ராசன் அதற்குள் எழுந்து, தன்னுடைய கதிரையைத் துடைத்து அவள் பக்கம் தள்ளி வைத்திருந்தார்.

வடைக் கிழவி திரும்பி வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக் கூட்டமும் வந்துவிட்டது. ராசன் இப்போது காலை பத்து மணிக்கே வந்து, டிட்மாரின் மூலைக் கதிரையில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் பாதி எழும்புகிறார். உள்ளே வருகிறவரின் இடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி உட்காருகிறார். கொறற்றியிடம் அவர் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார்.

"இங்க சொன்னாப் போயிடுவினமோ பிள்ளை?"

"ஓம் அண்ணை."

"அது உனக்கு முதலே தெரியுமோ?"

அவள் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்குத்தான் முதலில் தேநீர் என்ற சட்டம் இப்போது அந்தக் கடையில் இல்லை. எத்தனை பேர் காத்து நின்றாலும், ஆட்கள் முணுமுணுத்தாலும், முதல் கோப்பையை எல்லோருக்கும் தெரிய எடுத்துக்கொண்டு போய் கொறற்றி ராசனின் முன் வைக்கிறாள். வைத்துவிட்டு ஒரு நிமிடம் அங்கேயே நிற்கிறாள். கொஞ்சம் பொறு பிள்ளை, முதல் வந்தவைக்குக் குடு என்று அண்ணன் ஒரு தடவை தன்னை ஏசிவிடமாட்டாரா என்று நிற்கிறாள்.

ராசன் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார். வாசலைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறார்.