மாமாவின் ஸ்பீக்கருக்கு ஒரு அடாப்டர்

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு அடாப்டர் கிடக்கிறது. தேங்காய் மூடி அளவுதான், ஆனால் கைக்குக் கனக்கும். ஒயர் நுனியை வெட்டி வேறு முள் சேர்த்த இடத்தில் டேப் சுற்றியிருக்கிறது. வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் இது எதற்கு என்று என் மனைவி கேட்பாள். நல்ல நிலையில் இருக்கிறது என்பேன். உண்மைதான். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்னும் பகுதியில் என் தாய்மாமாவுக்குக் காட்டுக்குள்ளேயே வீடு. பலாவும் வாழையும்தான் அவருக்கும் அத்தைக்கும் சோறு. குரங்குக் கூட்டம் இறங்கினால் ஒரே பகலில் தோட்டம் மொட்டையாகிவிடும் என்பதால் விடிந்ததிலிருந்து காவல். அங்கே காவல் என்பது குரல். ஒருவர் நீட்டி ஒரு கூவல் போட்டால், எதிர்ச்சரிவில் இருப்பவர் பதிலுக்குப் போடுவார். "கொரலு குடுத்தா மறுகொரலு வரோணும் சாமி. வல்லீன்னா வேலையப் போட்டுட்டுப் போயிப் பாக்கோணும்" என்பார் மாமா. அவர் குரல் அந்த மேட்டிலேயே பெரிய குரல். அதற்குத்தான் நோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். அப்போது நான் சோளக்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன்பு, குரலைப் பதிவு செய்துவைக்க அவரைக் கூட்டிவந்து மைக் முன்னால் உட்கார வைத்தேன். உட்கார்ந்துகொண்டு எவனாவது குரல் கொடுப்பானா என்று எழுந்து, துண்டை இறுக்கிக் கட்டி, ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினார். கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு அவரிடமிருந்து காற்றுதான் வந்தது. சென்டரில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரையும் பெரிய ஸ்பீக்கர்களையும் அவர் வீட்டு ஜன்னலில் காட்டைப் பார்க்க வைத்தேன். விட்டுவிட்டு அந்தக் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும். குரங்குகளுக்கு அது மெஷின் என்று தெரியவில்லை. மனிதர்களுக்குத் தெரியும், தெரிந்தும் பழக்கத்தில் மறுகுரல் கொடுத்தார்கள். அதைக் கேட்கும்போது மாமாவின் முகம் மலரும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் வோல்டேஜ் எகிறி ஸ்பீக்கரின் அடாப்டர் கருகிப்போனது. குரங்குகள் இரண்டே நாளில் பாதி வாழையைத் தின்று தீர்த்தன. மாமா தகரத்தைத் தட்டிக்கொண்டு காடெல்லாம் ஓடினார். குரல் வராததால் எதிர்ச்சரிவுக்காரர் தினமும் நடந்துவந்து அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் பஸ் பிடித்து நாமக்கல் போனேன், சேலம் போனேன். கடைகளில் இருந்த அடாப்டரெல்லாம் டி.சி. கரண்ட் தருபவை. இந்த ஸ்பீக்கருக்கு வேண்டியது ஏ.சி.யாகவே, குறைந்த வோல்டில் தருவது. தெரியாமல் முதலில் வாங்கிப்போனதில் கரகரப்பு மட்டும் வந்தது. "ஏனுங்க, இதுக்குப் போயி அலையறீங்க? புது செட்டே வாங்கிக்குங்க" என்றார் ஒரு கடைக்காரர். புதுசின் கீச்சுக் குரல் எங்கள் வாசலைத் தாண்டாது. கடைசியில் சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த மோடம் ஒன்றோடு இது கிடந்தது. முள்ளை மாற்றி ஒட்டிச் செருகினேன். மாமாவின் குரல் மேட்டைத் தாண்டிப் போனது. மறுகுரல் வந்தது. மாமா என் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம், அத்தை மிளகு விற்கச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருந்த நாளில், மாமா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கீழ்க்காட்டுக்கு இறங்கியிருக்கிறார். மண் சரியாமல் அடுக்கியிருந்த கல்கட்டு மழையில் ஊறிச் சரிந்து, அவர் இடுப்புக்குக் கீழே மூடி அழுத்திவிட்டிருக்கிறது. உச்சிப்பொழுதைத் தாண்டியும் உயிர் இருந்திருக்கும் என்றார்கள். கையெட்டிய தூரத்து மண்ணையெல்லாம் பறித்துவைத்திருந்தார். தலைக்கு மேலே அவருடைய குரல் அழைத்துக்கொண்டிருந்தது. எதிர்ச்சரிவிலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது. இரண்டும் அவர் காதில் விழுந்திருக்கும். "கொரலு கேட்டுக்கிட்டேதானுங்க இருந்துச்சு" என்று எதிர்ச்சரிவுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அத்தையும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். ஆள் நன்றாயிருக்கிறார் என்று, வழியில் நின்று இரண்டு பேரிடம் பேசிவிட்டு மெதுவாகத்தான் நடந்திருக்கிறார்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை என்னைக் கூப்பிட்டார். "இதையெல்லாம் கழட்டிக்கிட்டுப் போயிரு கண்ணு. அவரு கூப்புட்டா நான் எங்கீனு போயிப் பாக்கறது?" என்றார். கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் பிறகு பழைய இரும்புக்குப் போய்விட்டன. இப்போது அந்த மேட்டில் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆனாலும் எதிர்ச்சரிவுக்காரர், மறுகுரல் வந்த பிறகும், எழுந்து நடந்துபோய் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். போன வாரம் இழுப்பறையைத் திறந்தபோது இந்த அடாப்டரைப் பிளக்கில் செருகிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கையில் சூடு தெரிந்தது. வேலை செய்கிறது.