அசனத்து அரிசி

அப்பாவுக்குச் சயரோகம் என்று தெரிந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது தென்காசிச் சபைதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது பாவம்.

அப்பா சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். ஒருநாள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் இருமி, வாயைத் துண்டால் பொத்தியிருக்கிறார். துண்டு சிவந்துபோனது. அன்றைக்கு அவரைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பிறகு மதுரைப் பக்கம் இருந்த சானடோரியத்துக்கு ரயிலில் கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வந்ததும் கடை அண்ணாச்சி. அவருக்குத் தேரடிப் பக்கம் பலசரக்குக் கடை. சபைக் கமிட்டியில் அவர் சொன்னால் சொன்னதுதான். சட்டையில் அப்பாவின் ரத்தக்கறையோடு எங்கள் வாசலில் நின்று, "தங்கச்சி, நீ ஒண்ணுக்கும் கலங்காத. நாங்கள்லாம் இல்லையா?" என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் பார்த்தேன். சொன்னபடியே நடந்துகொண்டதையும் பார்த்தேன்.

ஒன்றரை வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஓலைப்பெட்டி வரும். அரிசி இருக்கும், பருப்பு இருக்கும், மேலே இரண்டு கருப்பட்டி இருக்கும். கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பாவாடையும் தம்பிக்குச் சட்டையும் வந்தன. எங்கள் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் வாராவாரம் ஜெபத்தில் அப்பாவின் பெயரைச் சொல்வார். எனக்கு அப்போது எட்டு வயது. வேறு எந்தப் பிள்ளையின் அப்பா பெயரும் கோயிலில் அப்படிச் சொல்லப்படவில்லை. ஐயர் பெயரைச் சொல்லும்போது நான் கண்ணைத் திறந்து மற்ற பிள்ளைகளைப் பெருமையாகப் பார்ப்பேன். பக்கத்தில் அம்மா முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வாள்.

ஊசியும் மாத்திரையும் பிடித்துக்கொண்டன. அப்பா குணமாகி வந்தார். கன்னம் கூடச் சற்று உப்பியிருந்தது. சளியில் கிருமி இல்லை, இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சபையில் எல்லாரும் அவரைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும், இன்னும் கொஞ்சநாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை என்றார்கள். அந்தக் கொஞ்சநாள் முடியவே இல்லை.

அவர் வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் பேசினார். மறுநாள் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் ஆராதனை. எங்கள் கோயிலில் ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். பீடத்துக்கு முன்னால் கிராதி ஓரம் முழங்கால் போட்டிருக்கும் எல்லாருடைய வாய்க்கும் அதே பாத்திரம் வரிசையாக வரும். ஐயர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சனங்க பலவீனமுள்ளவங்க, வாத்தியாரே. நீங்க விசுவாசத்துல பெலத்தவங்க. அதனாலதான் உங்ககிட்ட கேக்குதேன். கொஞ்சகாலத்துக்கு எல்லாருக்கும் கடைசியில வாங்களேன்."

அப்பா சரியென்றார். டாக்டர் கடிதத்தை எடுக்கக்கூட இல்லை. ஐயர் போனபிறகு பார்த்தால் காப்பி அப்படியே இருந்தது. ஐயருக்குச் சர்க்கரை போதவில்லை போலிருக்கிறது என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

அந்த ஏற்பாடும் முடியாமல் அப்படியே நிலைத்துவிட்டது. இருபது வருஷம் கழித்து அப்பா மாரடைப்பில் இறந்தார். நுரையீரலில் ஒரு குறையும் இருந்ததில்லை. அடக்க ஆராதனையில் அப்போதிருந்த புது ஐயர், திருவிருந்துக்கு எப்போதும் எல்லாருக்கும் பின்னால் வந்த தாழ்மையுள்ள மனிதர் என்று அவரைப் பற்றி உருக்கமாகப் பேசினார். ஒருவரும் திருத்தவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது, அப்பா குணமாகி வந்த வருஷத்து ஆடி மாத அசனத்தைப் பற்றி. அசனம் என்றால் சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்ணும் விருந்து. எங்கள் சபை அதைச் சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவில் வைத்துக்கொள்ளும். கறி வாங்கும் செலவு கமிட்டியுடையது. அரிசி மட்டும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வர வேண்டும். பணக்காரன் மூட்டை கொண்டுவரலாம், ஏழை ஒரு கைப்பிடி கொண்டுவரலாம். எல்லாம் ஒரே பாயில் ஒரே குவியலாக விழ வேண்டும். அதுதான் அசனத்தின் முறை.

போன இரண்டு வருஷமும் நாங்கள் அரிசி கொடுக்கவில்லை. கொடுக்க எங்களிடம் இருந்தது அவர்கள் கொடுத்த அரிசிதான். இந்த வருஷம் அப்பாவுக்கு இலத்தூரில் வேலை கிடைத்திருந்தது. அங்கே இந்துக் கோயில் நிலங்களைப் பார்த்துவந்த பழைய குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு வீட்டுப் பாடம். இரவல் சைக்கிளில் போய்வருவார். வேலை கேட்டபோதே நோயைப் பற்றிச் சொல்லிக் கடிதத்தையும் காட்டிவிட்டாராம். வீட்டுப் பெரியவர் அதைப் படித்துவிட்டு, "டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, பெறகென்ன?" என்றாராம். அந்த வீட்டிலும் அப்பாவுக்குக் காப்பி தனி டம்ளரில்தான் வந்தது. ஆனால் அது நோய்க்காக இல்லை. அதுவே அவருக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

முதல் சம்பளமாக அவர்கள் கொடுத்தது ஒரு மூட்டை அரிசி. அப்பா அதை வீட்டுக்குள் இறக்கியதும் முகம்கூடக் கழுவாமல் படியை எடுத்து, நான்கு படி அளந்து தனியாக வைத்தார். "இது அசனத்துக்கு" என்றார். அம்மா இரண்டு பகல் சுளகும் மடியுமாக உட்கார்ந்து கல்லும் நெல்லும் பொறுக்கினாள். இருந்ததில் நல்ல ஓலைப்பெட்டியைத் துடைத்து அதில் நிரப்பினாள்.

தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் அம்மா வரவில்லை. அப்பாவும் நானும் சபை வண்டிகளில் ஒன்றில் போனோம். குற்றாலத்தில் நல்ல சாரல். பங்களா முற்றத்தில் ஆண்கள் விறகு பிளந்துகொண்டும், பெண்கள் தாழ்வாரத்தில் உள்ளி உரித்துக்கொண்டும் இருந்தார்கள். அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு விறகுப் பக்கம் போனார். அண்ணாச்சி ஓடிவந்து தடுத்து, நாற்காலி ஒன்றை எடுத்துவந்து நாவல் மரத்தடியில் போட்டு, நீங்கள் உட்காருங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அன்றைக்கு அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஐயரும் அப்பாவும் மட்டும்தான். நான் அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அப்பா பெட்டியை என் தலையில் தூக்கி வைத்தார். கூடத்தில் பெரிய பாய் விரித்து, அண்ணாச்சியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா என்று கூப்பிடுவோம். வருகிறவர்கள் எல்லாரும் பாயில் கொட்டிவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது.

"எங்க வீட்டு அரிசி பெரியம்மா. எங்கப்பா சம்பாதிச்சது" என்றேன்.

பெரியம்மா என் கன்னத்தைத் தடவினாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே நின்ற அண்ணாச்சி, "அத அங்கன ஜன்னல்ல வையி" என்றார். அவள் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, கொட்டாமல், ஜன்னல் மேடையில் வைத்தாள். தாழ்வாரத்தில் ஒழுகிய மழைத்தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம அரிசிய கொட்டலையா பெரியம்மா?"

"வாத்தியார் வீட்டு அரிசியில்லா? அது தனியா இருக்கட்டும் மக்கா."

நான் மரத்தடிக்கு ஓடினேன். இந்த ஓட்டத்தைத்தான் இப்போது நினைத்தாலும் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை சந்தோஷமாக ஓடினேன். "எப்பா, எல்லாரு அரிசியையும் ஒண்ணாக் கொட்டிட்டாங்க. நம்ம அரிசிய மட்டும் தனியா ஜன்னல்ல வச்சிருக்காங்க. ஐயருக்குப் பொங்குவாங்க போலுக்கு" என்றேன்.

அப்பா என் முகத்தையே பார்த்தார். யார் வைத்தது என்று கேட்டார். சொன்னேன். அண்ணாச்சி இருந்தாரா என்று கேட்டார். இருந்தார், அவர்தான் வைக்கச் சொன்னார் என்றேன். "சரி, நீ போய் வெளாடு" என்று எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிப் பக்கம் நடந்தார்.

பந்தி போடும் நேரமாகியும் அவர் வரவில்லை. என்னைக் கூட்டிவரச் சொன்னார்கள். அருவியில் ஆண்கள் பக்கம் ஒரே கூட்டம். ராஜபாளையத்துக்காரர்களும் மலையாளத்துக்காரர்களும் எண்ணெய்த் தலையோடு இடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் அப்பா. இந்தப் பக்கம் ஒருவர் தோளும் அந்தப் பக்கம் ஒருவர் தோளும் அவர்மேல் அழுந்தியிருந்தன. பாறை வழுக்கியபோது முன்பின் தெரியாத ஒரு தடித்த மனிதர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை. அப்பா வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். சானடோரியத்திலிருந்து வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டது அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நம் ஆட்கள் அங்கே காத்திருக்க, இவர் யாரோ ஆட்களோடு ஆடிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

ஈர வேட்டியோடு வந்து பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தார். அவருக்கும் பக்கத்து இலைக்கும் இடையே ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. ஐயர் ஜெபம் செய்தார். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாம் எல்லாரும் ஒரே சரீரம் என்பதுபோல் ஏதோ சொன்னார். கறி பரிமாறிய அண்ணாச்சி, அப்பா இலையில் எல்லாரையும்விட ஒரு துண்டு கூடுதலாகவே வைத்தார். அப்பா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

புறப்படும்போது அண்ணாச்சி எங்கள் பெட்டியை எடுத்துவந்தார். மேலே இன்னும் இரண்டு படி அரிசி போட்டு, பெட்டி கூம்பாக நிறைந்திருந்தது.

"வீட்டுக்கு வச்சுக்கிடுங்க வாத்தியாரே. பிள்ளைங்க இருக்குதில்லா" என்றார். அவர் குரலில் துளி கள்ளமில்லை. அதை நான் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். தன் தோளில் அப்பாவைச் சுமந்த அதே மனிதர்தான் அவர். எங்களுக்குக் கொடுக்க அவருக்கு எப்போதும் மனமிருந்தது. எங்களிடமிருந்து வாங்கத்தான் முடியவில்லை.

அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்றார்.

வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். மேலே கிடந்த அரிசி வெள்ளையாகவும், கீழே அவள் பொறுக்கிய அரிசி சற்றுச் சிவப்பாகவும் இருந்தன. அவள் விரலால் இரண்டையும் விலக்கிப் பார்த்தாள். "கொட்டலையா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நாளைக்கே பொங்கிரு. நல்ல அரிசி" என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தம்பியின் காய்ச்சலை நினைத்துத்தான் அழுகிறாள் என்று நான் எண்ணினேன்.

அசனத்துக்கு அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் பிள்ளைகளின் முறை. எங்களை முன்னால் வரிசையாக நிறுத்தி, அந்த வருஷம் ஆண்டவர் செய்த நன்மை ஒன்றை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்வார்கள். ஒருவன் பரீட்சையில் பாஸானதைச் சொன்னான். ஒருத்தி தன் அக்காவுக்குக் கல்யாணமானதைச் சொன்னாள். என் முறை வந்தபோது நான் ஓரடி முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டேன். கடைசிப் பெஞ்சில் அப்பா இருந்தார். பெண்கள் பக்கம் அம்மா இருந்தாள். முன்வரிசையில் அண்ணாச்சியும் பெரியம்மாவும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா மொதச் சம்பளத்துல நாங்க நாலு படி அரிசி அசனத்துக்குக் குடுத்தோம். அதக் கொட்டாம, தனியா எடுத்துவச்சு, மேல ரெண்டு படியும் போட்டு எங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

மற்ற பிள்ளைகள் சொன்னபோதெல்லாம் சபை முழுக்க ஆமென் என்று சொல்லியிருந்தது. எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அண்ணாச்சி பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். பெரியம்மா மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். ஐயர் அடுத்த பிள்ளையின் தோளைத் தொடக் கையை நீட்டினார். பின்னால் இருப்பவர்களுக்கு நான் சொன்னது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, கடைசிப் பெஞ்சுவரைக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.