அப்பா சத்தமாக வைத்த பாட்டு

ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் கார் டயர் மாற்றக் காத்திருந்தேன். ரேடியோவில் அந்த ஆங்கிலப் பாட்டு வந்தது. அதில், சிறையிலிருந்து தப்பிய ஒருவன் ஆற்றில் இறங்கி ஓடுவான். பின்னால் நாய்கள் குரைக்கும்.

எனக்குப் பத்து வயதில், போலீஸ் லோக்காப்பிலிருந்து தப்பி வந்த மாமா எங்கள் ஃபிளாட்டின் பின்னறையில் ஒளிந்திருந்தார். அவருக்கு ஓயாத இருமல். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், இருமல் வெளியே கேட்காமலிருக்க அப்பா இந்தப் பாட்டுக் கேசட்டைச் சத்தமாக வைப்பார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பாட்டில் ஓடுகிறவன் கைதி என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வருகிறவர்களுக்கும் புரிந்துவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வாசலில் நின்றபோது, நாடா சிக்கிப் பாட்டு நின்றது. மாமா இருமினார்.

"யாரு உள்ள?" என்றார் அக்கா.

சமையலறையில் இருந்த நான் இருமத் தொடங்கினேன். தொண்டை எரிய, இருமிக்கொண்டே வெளியே வந்தேன்.

அக்கா என்னையே பார்த்தார். "பிள்ளைக்குக் கஷாயம் வச்சுக் குடு லா அண்ணே," என்றார். கறிவேப்பிலை வாங்காமலே போய்விட்டார்.

அன்று மாலையே மாமா கிளம்பினார். பிடிபட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

போன் வரவே, மெக்கானிக் ரேடியோவை அணைத்தார். பட்டறை சட்டென்று அமைதியானது.

"என்னக்கா, தண்ணி வேணுமா?" என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் கவனித்தேன், நான் இருமிக்கொண்டிருந்தேன்.