முகத்தில் ரோஜாப்பூ வைத்த கடை

கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் ஒழுங்கைக்குள் யாருக்கு உடுப்பு எடுப்பதென்றாலும் முதலில் ஜவாஹிறா ராத்தாவிடம் ஒரு சொல் கேட்போம். எனக்கு அடுத்த வீடு. கூடப் பிறந்தவர் இல்லை என்றாலும் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். பின்னேரங்களில் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பார். அதற்கு ஒரு சதம் வாங்க மாட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

முன்பெல்லாம் நோன்பு தொடங்கினால் புறக்கோட்டைக்குப் போய் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவரே அபாயாத் துணி எடுத்து வருவார். நானும் கூடப் போயிருக்கிறேன். துணியை விரித்து, கையை அடியில் கொடுத்து, வெளிச்சத்துக்குப் பிடிப்பார். விரல் தெரிந்தால் கடைக்காரன் எவ்வளவு குறைத்தாலும் எடுக்க மாட்டார். "விரல் தெரிஞ்சா ஆளும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார்.

போன வருடம் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. கணவர் ஹமீட் நானா ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்டில் வேலை. நல்ல மனுசன், ஆனால் அவரை உடுப்பு எடுக்க அனுப்ப முடியாது. "கறுப்பு என்டா கறுப்புத்தானே, அதுல என்ன பார்க்க ஈக்குது" என்று கேட்கிறவர். அதனால் இந்தப் பெருநாளுக்கு போனிலேயே எடுப்பது என்று முடிவாயிற்று.

ராத்தாவின் மருமகள் பஸீஹா ஏற்கெனவே போனில்தான் எல்லாம் எடுப்பாள். ராத்தாவின் மகன் கத்தாரில். அவள் மாமியோடுதான் இருக்கிறாள். நாங்கள் போய் உட்கார்ந்த அன்று அவள் தன் வெளிநாட்டுக் கடையைத் திறந்து காட்டினாள். அதில் அபாயாவுக்கு மேலேயும் கீழேயும் தலைமுடி விரித்த பெண்கள், அரைக் காற்சட்டை போட்ட பெண்கள். ராத்தா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தக் கடைக்குக் குடுக்கிற சல்லில பரக்கத் ஈக்குமா, புள்ள? அல்லாஹ்ட அருள் ஈக்குமா?"

"மாமி, நாம அபாயாத்தானே எடுக்கப் போற. அவங்க என்ன உடுத்தினா என்ன? கீழ பாருங்க, வாங்கினவங்க எழுதியீக்காங்க. மோசமா எழுதினதைத்தான் முதல்ல பார்க்கணும்."

"புறம் பேசுறதைப் படிச்சிட்டா நீ உடுப்பு எடுக்குற?"

பஸீஹா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை.

பிறகு அவரே விரலால் தள்ளித் தள்ளி ஒரு பேஜைக் கண்டுபிடித்தார். அதிலே எல்லாம் அபாயாக்கள்தான். உடுத்தியிருந்த பெண்களின் முகத்தில் எல்லாம் ஒரு பெரிய ரோஜாப்பூவை ஒட்டி மறைத்திருந்தார்கள். ஒரு முகமாவது வெளியில் தெரியவில்லை. ராத்தாவின் முகம் தெளிந்தது.

"பாரு பைறோஸா. புள்ளைகள்ட முகத்தைக் காட்டி யாவாரம் செய்யாத ஆக்கள். அல்லாஹ்வுக்குப் பயந்த கடை" என்றார் என்னிடம்.

"கீழ ஒருத்தரும் ஒண்டும் எழுதல்லையே மாமி" என்றாள் பஸீஹா. "எழுத விடாம பூட்டி வெச்சீக்காங்க போல."

"அதுதான் நல்லம். அமைதியான கடை."

ராத்தா மைக்கை அழுத்தி ஸலாம் சொல்லி விலை கேட்டார். உடனே பதில் வந்தது. முழு ஸலாமையும் எழுதி, சிஸ்டர் என்று எழுதி, கடைசியில் அல்லாஹ் நற்கூலி தரட்டும் என்று ஜஸாகல்லாஹ்வும் எழுதியிருந்தது. ஆனால் பொருள் வந்த பிறகு சல்லி கொடுக்கிற வழி அங்கே இல்லையாம், முதலில் பேங்கில் போட வேண்டுமாம். பஸீஹா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ராத்தா அவளைப் பார்த்து, "ஸலாம் செல்லி யாவாரம் செய்ற ஆளைச் சந்தேகப்படுறது பாவம்" என்றார்.

எனக்கும் ஒன்று எடுக்கச் சொன்னேன். மூலை வீட்டு இரண்டு பேரும் சொன்னார்கள். கடைசியாக லுத்பியா வந்தாள்.

லுத்பியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் மௌத்தான பிறகு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போட்டு மகள் அர்பாவை வளர்த்தவள். பெருநாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் வெள்ளவத்தையில் இருந்து அர்பாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வசதியான இடம். அந்தப் பிள்ளையை உட்கார்த்தி வைக்க ஒரு நல்ல அபாயா வேண்டும் என்று லுத்பியா பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். படம் காட்டியபோது அவள் படத்தைப் பார்க்கவே இல்லை.

"நீங்க பார்த்தாப் போதும் ராத்தா. எனக்கு என்ன தெரியும்."

எல்லோர் சல்லியையும் சேர்த்து பேங்கில் போட்டாயிற்று. பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் பார்சல் வந்தது. வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அக்கே, பார்சல் எகக்" என்று பார்சல் கொண்டுவந்த சிங்களப் பையன் குரல் கொடுத்தான். ராத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரே போய் வாங்கினார். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். பஸீஹா கத்தரிக்கோலால் வெட்டினாள்.

ராத்தா மேலே கிடந்ததை எடுத்து உதறினார். பிறகு பழக்கதோஷத்தில் கையை அடியில் கொடுத்து மின்விளக்குக்கு நேரே பிடித்தார்.

ஐந்து விரலும் தெரிந்தன. விரலில் கிடந்த மோதிரமும் தெரிந்தது.

அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படித்தான். படத்தில் பார்த்த தையல் இல்லை, மணி வேலை இல்லை. கொசுவலை மாதிரி ஒரு கறுப்புத் துணியை நாலு ஓரமும் மடித்து அடித்திருந்தார்கள். லுத்பியா தன் மகளுக்கு வந்ததை மடித்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்தாள். ராத்தா, "இன்னா லில்லாஹி" என்று, மௌத்துச் செய்தி கேட்டது போல மெதுவாகச் சொன்னார்.

பஸீஹா பேஜைத் தேடினாள். காணோம். மெசேஜ் போட்டாள். போகவில்லை. பிறகு என்னவோ செய்து, சற்று நேரத்தில் போனை மாமியிடம் நீட்டினாள். அவள் குத்திக் காட்டவில்லை. குரல் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"மாமி, இது வேற நாட்டுக் கடை ஒண்டுட படங்கள். அதே அபாயா, பின்னால அதே தூண். களவெடுத்து, ஆளைக் கண்டுபிடிக்காம ஈக்கத்தான் மூஞ்சில பூ வெச்சீக்கான். இதுல பூ இல்ல. பாருங்க."

ராத்தா பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, "வேணாம், வை" என்றார்.

அன்றே ஒவ்வொரு வீடாகப் போனார். அந்த முழங்காலோடு படி ஏறி இறங்கினார். நானும் கூடப் போனேன். மூலை வீட்டுக்காரிகள், "போகட்டும் ராத்தா, நீங்க என்ன செய்ய" என்றார்கள். ஒருத்தி, "வெயில் காலத்துக்கு நல்லம், காத்து வரும்" என்று பகிடி விட்டாள். ராத்தாவுக்குப் பகிடியும் விளங்கவில்லை, மன்னிப்பும் விளங்கவில்லை. அவர் நேரே லுத்பியா வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லுத்பியா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"உன்ட சல்லிய நான் திருப்பித் தாறன், லுத்பியா" என்றார் ராத்தா.

"சல்லி வேணாம் ராத்தா. சல்லிய உடுத்துக்கிட்டு என்ட புள்ள அவங்க முன்னுக்கு இருக்க ஏலுமா? பெருநாள் நேரம் எந்தத் தையல்காரன் கையில எடுப்பான்?"

கடைசித் தட்டையும் அடுக்கிவிட்டு லுத்பியா நிமிர்ந்தாள்.

"நான் அந்தக் கடைய நம்பித் தரல்ல. கடைய எனக்குத் தெரியா. உங்களத்தான் தெரியும்."

அடுத்த நாள் பின்னேரம் பிள்ளைகள் ஓத வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்க ராத்தாவுக்கு உதவியாக எப்போதும் அர்பாதான் வருவாள். அன்று வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அர்பா உட்காருகிற பாயை ராத்தா விரிக்கச் சொன்னார். பாடம் முடிந்ததும் அவரே அதைச் சுருட்டி வைத்தார்.

"பைறோஸா, அமானிதம், நம்பித் தந்ததைப் பாதுகாக்கணும் என்டு புள்ளைகளுக்குச் செல்லிக் குடுக்கிற வாய் இது" என்றார் என்னிடம். "ஒரு பூவைக் கண்டு ஏமாந்த. பஸீஹா செல்லச் செல்லக் கேக்கல்ல. அவ செல்றாளே என்டுதான் கேக்கல்ல."

பெருநாள் வந்தது. வட்டிலப்பம் அவித்தோம், ஆளுக்காள் கொடுத்தோம். லுத்பியா வீட்டுக்கு ராத்தா அனுப்பிய தட்டு காலியாகக் கழுவித் திரும்பி வந்தது. எங்களிடத்தில் தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்ப மாட்டோம், ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவோம். ராத்தா அந்தத் தட்டை அடுக்கில் வைத்தார். பிறகு மருமகளின் அறைக்குப் போனார்.

பஸீஹா தன் வெளிநாட்டுக் கடையில் இந்தப் பெருநாளுக்கு ஒரு அபாயா எடுத்திருந்தாள். அலுமாரியில் தொங்கியது. ஒரு தடவைகூட வெளியே போட்டுப் போகவில்லை.

"அதை அர்பாவுக்கு ஒரு நாளைக்குத் தருவியா, புள்ள?"

"பரக்கத் இல்லாத கடைட உடுப்பு மாமி அது."

"இண்டைக்கு நீ என்ன சென்னாலும் நான் கேக்கத்தான் வேணும்."

தான் சொன்னது கூடிப்போய்விட்டது என்று பஸீஹாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அபாயாவை ஹேங்கரோடு எடுத்து, அதற்குப் பொருத்தமான, தலையில் போடும் ஷோலையும் எடுத்து மாமியின் கையில் வைத்தாள். ராத்தா அதை வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லை. அப்படியே கொண்டுபோனார்.

லுத்பியா வாங்கிக்கொண்டாள். ஒன்று மட்டும் சொன்னாள்.

"இரவல் என்டு அவங்களுக்குத் தெரிய வேணாம் ராத்தா. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

ராத்தா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறவர். அன்று முழுக்க அவர் தஸ்பீஹ் மணியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளவத்தை ஆட்கள் வந்தார்கள். பெண்ணுக்கு ஓதிக் கொடுத்தவரையும் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் உம்மா முதலிலேயே சொல்லியிருந்தாராம். அதனால் லுத்பியா ராத்தாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. துணைக்கு நானும் போய் ஓரமாக இருந்தேன்.

அர்பா தேநீர்த் தட்டோடு வந்தாள். அந்த அபாயாவில் பிள்ளை அவ்வளவு அழகாக இருந்தாள். மாப்பிள்ளையின் உம்மா அவளைப் பக்கத்தில் இருத்தி, அபாயாவின் கைப்பகுதியை விரல்களுக்கு இடையில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல துணி. எங்க எடுத்த?"

அர்பா உம்மாவைப் பார்த்தாள். லுத்பியா ராத்தாவைப் பார்த்தாள்.

"ராத்தாதான் எங்களுக்கு எல்லாம் எடுத்துத் தாற" என்றாள் லுத்பியா.

"அப்படியா. எந்தக் கடை? என்ட மகளுக்கும் எடுக்கணும், செல்லுங்களேன்."

ராத்தாவின் கையில் தஸ்பீஹ் மணி நின்றுவிட்டது. லுத்பியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் மாறிப் போனால் அந்தப் பிள்ளையின் காரியம் எங்கே போய் நிற்குமோ என்று நான் பயந்தேன்.

"இது நான் எடுத்தது இல்ல" என்றார் ராத்தா. "எங்கட மருமகள் பார்த்து எடுத்த. எனக்குக் கடை பார்க்கத் தெரியா. நான் பார்த்து எடுத்ததை வெளிய உடுத்த ஏலா. முகத்துல ரோஜாப்பூ வெச்ச படங்களைக் கண்டு, நல்ல ஆக்கள் என்டு நெனச்சி, ஒழுங்கைல எல்லாரையும் ஏமாத்திப்போட்டன்."

அந்தப் பெண்மணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"பெரிய ரோஜாப்பூவா? சிவப்பு?"

"ஓம்."

"ஜஸாகல்லாஹ் எல்லாம் போட்டானா?"

"போட்டான்."

"என்ட வீட்டுல ரெண்டு ஈக்குது. குசினி ஜன்னலுக்குச் சீலையாப் போட்டீக்கன். வெளிச்சம் நல்லா வருது."

அவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். லுத்பியாவும் சிரித்தாள். பார்சல் வந்ததற்குப் பிறகு அவள் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு. ராத்தா சிரிக்க முயன்றார், வரவில்லை. இரவல் என்கிற பாதியை அவர் சொல்லாமல் விட்டது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

போகும்போது அவர்கள் முடிவு எதுவும் சொல்லவில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். லுத்பியா வாசல்வரை வந்து ராத்தாவின் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சிட்டன் என்டு நெனச்சிராதீங்க. நாளைக்கு அர்பா ஓத வருவா. அவ்வளோதான்."

"அவங்க சம்மதம் செல்லிட்டா, இரவல் என்டதையும் நீ செல்லிரணும் லுத்பியா."

"முதல்ல செல்லட்டும் ராத்தா."

இதை எழுதுகிற இன்றுவரை வெள்ளவத்தையில் இருந்து பதில் வரவில்லை. அர்பா ஓத வருகிறாள். அபாயாவைக் கழுவி, அயர்ன் பண்ணி, தட்டில் கொஞ்சம் சீனியோடு கொண்டுவந்து கொடுத்தாள். உடுப்புக்குக் கடை கேட்டு யாராவது வந்தால் ராத்தா அறைப் பக்கம் கையைக் காட்டுகிறார். "பஸீஹாட்டக் கேளுங்க. எனக்குத் தெரியா." அவர் வாயில் தெரியாது என்ற சொல்லை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன அன்று மாலை மஃரிப் தொழுத கையோடு அவர் மருமகளைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

"அந்தப் படத்தைக் காட்டு. பூ இல்லாதது."

பஸீஹா தேடி எடுத்துக் கொடுத்தாள். அதே தூண், அதே அபாயா. பூ இருந்த இடத்தில் ஒரு முகம். கன்னத்தில் பரு மாறாத சின்னப் பெண். அர்பா வயது இருக்கும். யாரோ பக்கத்தில் நின்று என்னவோ சொல்லியிருக்க வேண்டும், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ராத்தா நெடுநேரம் பார்த்தார்.

"யார்ட புள்ளயோ. இவட படத்தையும் அவன் களவெடுத்துத்தானே ஈக்கான்" என்றார். "நான் இவட முகத்தைக் காணாததுக்குச் சந்தோஷப்பட்ட."

பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்காகக் கையேந்தினார். பெயர் தெரியாததால் இந்தப் பிள்ளை என்றே சொல்லித் துஆ கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஆமீன் சொன்னோம்.